லயத்து வீடும் வலைப்பதிவு வீடும்

(‘வலைப்பதிவுக்கு ஏற்றது இலவசத் தளமா, சொந்த முகவரியா?’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிச் சொல்லரங்கில், ‘சொந்த முகவரியே’ என்ற அணியின் சார்பில் பேசப்பட்ட உரை)



எதிரணித் தலைவர் பேசும்போது ஒரு கேள்வி கேட்டார். "சும்மா கிடைக்கிற வீட்டை விட்டுவிட்டு எவனாவது காசு கொடுத்து வீடு தேடுவானா?" என்றார். பலத்த கைதட்டல். நல்ல கேள்விதான் ஐயா. ஆனால் அதைக் கேட்க அவர் தேர்ந்தெடுத்த ஊர்தான் சரியில்லை. சும்மா கிடைத்த வீட்டின் கதை மலாக்காக்காரர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? (சிரிப்பு)

மலாயாவில் வியாபாரத்துக்காக ரப்பர் முதன்முதலில் நடப்பட்டதே இந்த மண்ணில்தான். 1896ல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் கன்று வைத்தார். பிறகு அது புக்கிட் ஆசகானில் பெரிய தோட்டமாக விரிந்தது. அப்புறம் எங்கு பார்த்தாலும் தோட்டம்தான். கப்பலேறி வந்தவர்களுக்கு லயத்தில் வீடு சும்மா கிடைத்தது. தண்ணீர் சும்மா. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகையும் உண்டு. வாசலில் முருங்கை நட்டார்கள், கோழி வளர்த்தார்கள், தோட்டத்து எல்லையில் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார்கள். இப்படியே மூன்று தலைமுறை ஓடியது.

பிறகு என்ன நடந்தது? தோட்டம் கைமாறியது. பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டார்கள். சில இடங்களில் செம்பனையும் போய், வீடமைப்புத் திட்டம் வந்தது. வெளியேறச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. வீடு நிர்வாகத்துடையது, நிலமும் நிர்வாகத்துடையது. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு தாமானுக்கு வந்தார்கள். முருங்கை மரத்தைத் தூக்க முடிந்ததா? பட்டணத்தில் ஜாலான் துக்காங் எமாஸில் இருக்கும் பொய்யாத விநாயகர் கோயிலைப் பாருங்கள். 1781ல், டச்சுக்காரர் காலத்தில், மலாக்கா செட்டிகளுக்குக் கிடைத்த நிலத்தில் எழும்பிய கோயில். இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. தோட்டத்துக் கோயில்கள் எத்தனை தடவை இடம் மாறின என்று இங்கே இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள்.

நடுவர் ஐயா மணியைப் பார்க்கிறார். இதற்கும் வலைப்பதிவுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறார். சம்பந்தம் இருக்கிறது ஐயா.

தோட்டத்தை விட்டு வந்தவர்களில் சிலர் எழுத உட்கார்ந்தார்கள். விடியற்காலைப் பெரட்டு, கிராணியின் குரல், தீமிதித் திருவிழா, திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய இரவு, இதையெல்லாம் யார் எழுதுவார்கள்? புத்தகம் போடக் காசு வேண்டும். 2003 வாக்கில் தமிழில் வலைப்பதிவுகள் முளைத்தன. 2004ல் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ திரட்டியைத் தொடங்கியபோது உலகத்தின் நாலு மூலையிலும் எழுதுகிறவர்கள் ஒரே திண்ணைக்கு வந்தார்கள். மலாக்கா முத்துக்கிருஷ்ணன் போன்றவர்கள் வலைப்பதிவிலும் தமிழ் விக்கிப்பீடியாவிலும் இந்த நாட்டைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். பெயர் வெளியே தெரியாமல் எழுதிய ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் உண்டு. தோட்டம் போய்விட்டது, தோட்டத்தின் நினைவு அவர்கள் எழுத்தில்தான் இருக்கிறது. அந்த எழுத்து எங்கே குடியேறியது? மறுபடியும் ஒரு லயத்தில்தான் ஐயா!

யாஹூவின் ‘ஜியோசிட்டீஸ்’ நினைவிருக்கிறதா? 2009 அக்டோபரில் மூடினார்கள். மைக்ரோசாப்டின் ‘லைவ் ஸ்பேசஸ்’ 2011ல் போனது. அவர்களாவது வேர்ட்பிரஸுக்கு மாற வழி செய்து கொடுத்தார்கள். இதில் மலேசியர்கள் மறக்கக்கூடாதது ஃபிரெண்ட்ஸ்டர். ஒரு காலத்தில் இந்த நாட்டு இளைஞர்களில் ஃபிரெண்ட்ஸ்டர் பக்கம் இல்லாதவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். 2009 இறுதியில் அதை வாங்கியதே ஒரு மலேசிய நிறுவனம். சொந்த ஊர்க்காரர் கைக்கு வந்ததே என்று சந்தோஷப்பட்டார்கள். 2011ல் அறிவிப்பு வந்தது: மே 31க்குப் பிறகு படங்கள், வலைப்பதிவுகள், நண்பர்கள் எழுதிய வாழ்த்துகள் எல்லாம் அழிக்கப்படும். அறிவிப்பைப் பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பார்க்காதவர்கள்? "அதெல்லாம் பழங்கதை" என்பார் எதிரணி நண்பர். 2003ல் தொடங்கி இருபது ஆண்டுக்கு மேல் நின்ற ‘டைப்பேட்’ 2025 செப்டம்பரோடு மூடிவிட்டது. அது காசு வாங்கிய தளம் ஐயா! வாடகை கொடுத்தாலும் வீடு உங்களுடையதாகி விடாது.

கடை மூடாமலே காணாமல் போவதும் உண்டு. கூகுள் நிறுவனம் 2012 முதல் பிளாக்ஸ்பாட் பக்கங்களை நாட்டுக்கு ஒரு முகவரியாகக் காட்டத் தொடங்கியது. இந்தியாவில் படித்தவர்களுக்கு ‘பிளாக்ஸ்பாட் டாட் இன்’ என்று வந்தது. அதையே பிரதியெடுத்து எல்லாரும் ஆயிரக்கணக்கில் இணைப்புக் கொடுத்தார்கள். 2020ல் அந்த ‘டாட் இன்’ முகவரி கூகுளின் கையை விட்டுப் போனது. வலைப்பதிவு பத்திரமாக இருக்கிறது, அதற்குப் போகும் பாதைதான் செத்துவிட்டது. வீட்டில் பழைய இணைப்பு ஏதாவது குறித்து வைத்திருந்தால், ‘டாட் இன்’ என்பதை ‘டாட் காம்’ என்று மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் திறக்கும்.

சரி, எதைத்தான் தேர்ந்தெடுப்பது? இங்கே இந்த அணியும் ஒரு உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும். பிளாக்கர் மோசமான தளம் இல்லை. 1999ல் தொடங்கியது, 2003ல் கூகுள் வாங்கியது, இன்னும் ஓடுகிறது, காசும் கேட்பதில்லை. வேர்ட்பிரஸில் வசதிகள் அதிகம். ஆனால் வேர்ட்பிரஸ் டாட் காமில் சொந்த முகவரியை இணைக்கக் கட்டணத் திட்டம் வேண்டும். தனி இடம் வாடகைக்கு எடுத்து வேர்ட்பிரஸை நிறுவினாலோ, புதுப்பிப்பதும் பூட்டுப் போடுவதும் உங்கள் தலையில். ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால், தீமிதி பற்றி எழுதிய பக்கத்தில் சூதாட்ட விளம்பரம் வந்து உட்கார்ந்திருக்கும். ஜாசினில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அது தேவையில்லாத தலைவலி.

அவருக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: பிளாக்கரிலேயே எழுதுங்கள் ஐயா, ஆனால் வாசலில் உங்கள் சொந்தப் பெயர்ப்பலகையை மாட்டுங்கள். ஒரு ‘டாட் காம்’ முகவரி ஆண்டுக்கு ஐம்பது அறுபது வெள்ளி. அதை பிளாக்கரோடு இணைக்கக் கூகுள் தனியாகக் கட்டணம் வாங்குவதில்லை. பழைய பிளாக்ஸ்பாட் முகவரிக்கு வருகிறவர்களையும் அதுவே புதிய முகவரிக்கு அழைத்து வந்துவிடும். நாளைக்குக் கூகுள் கதவைச் சாத்தினாலும், பெயர்ப்பலகையைக் கழற்றி அடுத்த வீட்டில் மாட்டிவிடலாம்.

கைப்பேசி எண்ணை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் 012 என்றால் மேக்சிஸ், 019 என்றால் செல்கோம். நிறுவனம் மாறினால் எண் போய்விடும். சொந்தபந்தம் முழுவதற்கும் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும். 2008ல் எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறலாம் என்று வந்ததும் என்ன நிம்மதி! சொந்த முகவரி அதே மாதிரிதான்.

வீடு மாறும்போது எதை எடுக்க முடியும், எதை எடுக்க முடியாது என்பதும் தெரிய வேண்டும். பிளாக்கரில் காப்பு எடுத்தால் பதிவுகளுக்கு ஒரு கோப்பு வரும். அதில் எழுத்து இருக்கும், மறுமொழிகள் இருக்கும். படம் இருக்காது, படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். தோட்டத்துப் பள்ளியின் ஒரே பழைய படத்தை ஏற்றிவிட்டு மூலத்தைத் தொலைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மறுமொழியையும் லேசாக நினைக்காதீர்கள். தெபோங் தோட்டத்து ஆயாக் கொட்டகையைப் பற்றி ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வருஷம் கழித்து ஜொகூரிலிருந்து ஒருவர் வந்து, "அந்த ஆயா என் பாட்டிதான்" என்று கீழே எழுதுவார். பதிவைவிட அந்த ஒரு வரிக்கு விலை அதிகம்.

இன்னொரு சிக்கல் தமிழுக்கே உரியது. தலைப்பைத் தமிழில் மட்டும் வைத்தால் பிளாக்கருக்கு அதிலிருந்து முகவரி செய்யத் தெரியாது. எல்லாவற்றுக்கும் ‘பிளாக் போஸ்ட்’ என்று பெயர் வைத்து, பின்னால் ஒரு எண்ணைப் போட்டுவிடும். ஒரே வீட்டில் எல்லாப் பிள்ளைக்கும் முனியாண்டி என்று பெயர் வைத்த மாதிரி! (சிரிப்பு) வேர்ட்பிரஸோ தமிழை அப்படியே முகவரியாக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறியும் எண்ணுமாக முழ நீளத்துக்கு வரும். பதிவு வெளியிடும் முன்பே ஆங்கில எழுத்தில் நாலு சொல்லை நீங்களே முகவரியாகக் கொடுத்துவிடுங்கள். வேறு தளத்துக்குப் போகும்போது வீட்டு எண் மாறாவிட்டாலும் அறை எண்களை ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டியிருக்கும். அப்போது இது உதவும்.

"இதெல்லாம் சாதாரண ஜனங்களால் முடியுமா?" என்று கேட்கிறார்கள். ஏற்கெனவே இதைவிடப் பெரிய இடமாற்றத்தைத் தமிழர்கள் செய்தாகிவிட்டது. இந்த நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலை வைத்துத் தமிழ் தட்டியவர்களுக்குத் தெரியும். திஸ்கி என்று ஒரு குறியீடு, தமிழ்நாட்டில் டாம், டாப் என்று வேறு. எழுத்துரு இல்லாத கணினியில் பார்த்தால் கோழி கிறுக்கியதுபோல் இருக்கும். 2001ல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த காலத்திலும் குறியீடுகள் பலவாகத்தான் இருந்தன. பிறகு யூனிகோடு பரவியது. சுரதாவின் ‘பொங்குதமிழ்’ மாதிரிக் கருவிகளில் பழைய எழுத்தை ஒட்டி ஒட்டி, பக்கம் பக்கமாக மாற்றினார்கள். மாற்றியவர்களின் எழுத்து இன்று தேடினால் கிடைக்கிறது. "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டவர்களின் எழுத்து, இருந்தும் கண்ணில் படாமல் கிடக்கிறது.

எதிரணியில் ஒரு தங்கை, "இப்போது எல்லாரும் முகநூலில்தான் இருக்கிறார்கள், அங்கேயே எழுதினால் போதுமே" என்று அழகாகப் பேசினார். கூட்டம் அங்கேதான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் போன வருஷத் தைப்பூசத்துக்கு எழுதியதை இப்போது தேடி எடுக்கச் சொல்லுங்கள் பார்ப்போம். முகநூலிலேயே ‘குறிப்புகள்’ என்று நீளமாக எழுத ஒரு பகுதி இருந்தது, 2020ல் எடுத்துவிட்டார்கள். 2021ல் அவர்களே பதிவுகளை பிளாக்கருக்கும் வேர்ட்பிரஸுக்கும் மாற்றிக்கொள்ள ஒரு வசதி கொடுத்தார்கள். சந்தையில் கூவி விற்கலாம் தங்கச்சி. பத்திரத்தை அங்கே வைக்கலாமா?

காசு விஷயத்துக்கு வருவோம். தோட்டத் துண்டாடலில் தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், 1960ல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வந்தது. அன்றைய பத்து வெள்ளி ஒரு குடும்பத்தின் வயிற்றைக் கட்டிய காசு. இன்று சொந்த முகவரிக்கு மாதம் ஐந்து வெள்ளி. இரண்டு கிளாஸ் தே தாரேக்.

கடைசியாக, எதிரணி இன்னும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அவர்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுவது நியாயம். சொந்த முகவரியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எழுதிய பெரியவர் கண்ணை மூடிவிட்டால் யார் கட்டுவார்கள்? முகவரி காலாவதியாகும்; பிளாக்ஸ்பாட் பக்கமோ அப்படியே கிடக்கும் என்பார்கள். கிடக்குமா? இரண்டு ஆண்டு தொடர்ந்து பயன்படுத்தாத கணக்குகளை நீக்கலாம் என்று கூகுளும் 2023ல் விதி கொண்டுவந்துவிட்டது. தனக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது என்று கணக்கிலேயே பெயர் கொடுத்து வைக்க வசதி இருக்கிறது. முகவரியைச் சில ஆண்டுகளுக்குச் சேர்த்தே கட்டிவிடலாம். கடவுச்சொல்லை வீட்டுப் பத்திரம் இருக்கும் உறையில் எழுதி வைக்கலாம்.

இந்த அரங்கத்தில் பின்வரிசையில் பேரப்பிள்ளைகள் நிறையப் பேர் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருக்கிறார்கள். தாத்தா எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறாரா என்று இன்று இரவு கேளுங்கள். இருந்தால் முதல் வேலையாக ஒரு காப்பு எடுங்கள். படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். பழைய தளம் மூடியே போயிருந்தால், இணைய ஆவணக் காப்பகத்தின் பழைய பக்கங்களில் அந்த முகவரியைப் போட்டுத் தேடிப் பாருங்கள். ஜியோசிட்டீஸ் பக்கங்கள் பலவற்றை மூடுவதற்கு முன்பே தன்னார்வலர்கள் எடுத்து வைத்திருக்கிறார்கள். மணி அடித்துவிட்டது.