ஒளிக்கு வழிகாட்டும் ஒலி

புனேயில் வாழும் தமிழராகிய நாம் மழைக்காலத்தில் சிங்ககட் கோட்டைக்கு ஏறும்போது மூடுபனியின் இயல்பைக் காண்கிறோம். விளக்கொளியைப் பனி விழுங்குவதில்லை. நுண்துளிகளிற் பட்டு அது நாற்புறமும் சிதறுகிறது. நம் உடற்றசையும் ஒளிக்கு இத்தகைய மூடுபனியே. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம் கடந்ததும் ஒளிக்கற்றை நேர்வழி தவறிவிடுகிறது. ஆகவே ஆழத்திலுள்ள கட்டியின் மீது ஒளியைக் குவிப்பது அரிது.

செவிக்கெட்டாத மீயொலியோ தசையில் அவ்வளவு சிதறுவதில்லை. அதனை ஒளிக்கு வழிகாட்டியாக்கலாம் அன்றோ?

மீயொலி பாயும் திரவத்தில் ஒளி பல கற்றைகளாகப் பிரிவதை மேனாட்டார் 1932-இல் கண்டனர். அதற்குச் சிறந்த கணித விளக்கத்தைப் பெங்களூரிலிருந்து 1935, 1936 ஆண்டுகளில் அளித்தவர்கள், திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமனும் நாகேந்திர நாத்தும் ஆவர்.

ஒலிக்கும் ஒளிக்கும் உள்ள இவ்வுறவையே அமெரிக்காவில் லிஹாங் வாங் குழுவினர் 2011-இல் பயன்படுத்தினர். ஒளியைச் சிதறடிக்கும் பொருளினுள் ஓரிடத்தில் மீயொலியைக் குவித்தனர். அவ்விடத்தைக் கடந்த ஒளியின் அதிர்வெண் சிறிதே மாறிற்று, அதுவே அடையாளம். அடையாளம் பெற்ற ஒளியை மட்டும் பதிவு செய்து, வந்த வழியே திருப்பி அனுப்பினர். அது அவ்விடத்திலேயே மீண்டும் குவிந்தது.

ஆயினும், உயிருள்ள உடலில் குருதி ஓய்வதில்லை. ஒளியின் வழிகளும் நொடியின் மிகச் சிறு பகுதியில் மாறிவிடுகின்றன. அதற்குள் பதிவும் திருப்பமும் முடிந்தாக வேண்டும். அவ்விரைவு முழுதும் கைகூடுமாயின், கத்தி படாமலே ஆழத்து நோயைக் காணவும், ஒளியாற் செயற்படும் மருந்தை அவ்விடத்திலேயே தூண்டவும் மருத்துவர்க்கு வழி பிறக்கும்.