குளிர் நாளில் கூடாரமும் குழந்தைகளும்



கடற்கரையில் வாழ்வோர்க்குக் குளிர் என்பது பெரும்பாலும் ஏட்டில் படித்த செய்தி. நான் வாழும் எர்ணாவூர் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையே உள்ளது. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், சுற்றிலும் ஆலைகள். தை மாதத்து விடியற்காலையிலும் இங்கே வெப்பநிலை ஏறத்தாழ 21 பாகை செல்சியஸ் இருக்கும். இத்தகைய ஊரான் ஒருவன், குளிர் நாளில் சிறு குழந்தைகளோடு கூடாரத்தில் தங்குவதைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது இயல்பே. அதற்குக் காரணங்கள் இரண்டு உண்டு.

விடுமுறை வந்தால் மலைக்குச் சென்று கூடாரத்தில் தங்கிவர இன்று பலரும் விரும்புகின்றனர். மூத்த பிள்ளைகளாகிய நீங்கள் தம்பி தங்கையரையும் உடன் அழைத்துச் செல்கின்றீர்கள். இது முதற் காரணம். மற்றொன்று, விரும்பாமலே வந்து சேரும் கூடார வாழ்க்கை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையோரக் குப்பங்களில் புகுந்தது. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம், எண்ணெய்க் கழிவையும் சுமந்துகொண்டு எர்ணாவூர்த் தெருக்களுக்கு வந்தது. மூன்றும் டிசம்பரிலேயே நிகழ்ந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். வீடிழந்த தாய்மார் கைக்குழந்தைகளுடன் பள்ளித் திண்ணைகளிலும் தார்ப்பாய்க் கொட்டகைகளிலும் இரவைக் கழிக்கும் நிலை அத்தகைய நாள்களில் வருகிறது. மலையில் மகிழ்ச்சிக்காகக் கற்கும் கலை, துன்ப நாளில் உயிர் காக்கும் கலையாகிவிடுகிறது.

பெரியவர் தாங்கும் குளிரைக் குழந்தை ஏன் தாங்குவதில்லை? ஒரு பானை நிறையச் சோறு நெடுநேரம் சூடாக இருக்கிறது. அதிலிருந்து எடுத்த ஒரு கரண்டிச் சோறு விரைவில் ஆறிவிடுகிறது. கணக்கிலும் இதனைக் காணலாம். பக்கம் ஓர் அலகுள்ள கனசதுரத்தின் பரப்பு 6, கனஅளவு 1. பக்கம் இரண்டு அலகானால் பரப்பு 24, கனஅளவு 8. முன்னதில் ஓர் அலகு கனஅளவுக்குப் பரப்பு 6. பின்னதில் 3 மட்டுமே. உருவம் சிறுக்கச் சிறுக்க, வெப்பம் வெளியேறும் வாயில் பெருகுகிறது. மேலும் நமக்குக் குளிர்ந்தால் உடல் நடுங்கி, தசைகள் சூட்டை உண்டாக்குகின்றன. பச்சிளங் குழந்தைக்கு அவ்வாறு நடுங்கும் ஆற்றல் மிகக் குறைவு. தோளெலும்புகளின் நடுவிலும் கழுத்திலும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்தே அது சூடு பெறுகிறது. அந்த இருப்பு சிறிது, விரைவில் தீர்ந்துவிடும்.

மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை நாம் அறிவோம். அவ்வள்ளலின் அருளைப் போற்றுவோம். அதனோடு போர்வையின் இயல்பையும் அறிவோம். போர்வை தானே சூடு தருவதில்லை. உடலின் சூட்டைத் தன் இழைகளுக்கிடையே அடைபட்ட காற்றினால் வெளியேறாமல் காக்கிறது, அவ்வளவே. ஆகவே தடித்த ஆடை ஒன்றைவிட மெல்லிய ஆடைகள் இரண்டு மூன்று மேலானவை. தலைக்குக் குல்லாய் மிகவும் தேவை. ஏனெனில் குழந்தையின் உடலில் தலையே பெரும் பங்கு.

ஆனால் அந்த ஆடை நனைந்துவிட்டால் அதன் இழைகளில் காற்றிருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. நீரோ காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. இதனால்தான் நம் எர்ணாவூரில்கூட, மழையில் நனைந்து கடற்காற்றில் நிற்கும் குழந்தைக்கு உடல் சில்லிட்டுப் போகிறது. பனி பெய்தால்தான் ஆபத்து என்று கருதற்க. முதலில் ஈர ஆடையைக் களைக. உடலைத் துடைத்து உலர்ந்த துணி சுற்றுக. பின்னரே பிற செயல்.

இனி மலைக்குச் செல்வோம். உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. பெருக்கிப் பாருங்கள், எர்ணாவூரை விடப் பதினான்கு, பதினைந்து பாகை குறைவு. ஆகவே தை மாத இரவில் அங்கே ஆறேழு பாகைதான் எதிர்பார்க்க வேண்டும். வானம் தெளிந்த இரவுகளில், புல்வெளிப் பள்ளங்களில் உறைபனியே படியும். குளிர்ந்த காற்று கனமானது. நீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆதலால் கூடாரத்தைப் பள்ளத்தாக்கின் அடியிலும் அமைக்கலாகாது. காற்று வீசும் முகட்டிலும் அமைக்கலாகாது. இடைப்பட்ட சரிவில், காற்றுக்கு மறைவான சமதளமே ஏற்றது. வனத்துறையின் இசைவின்றிக் காட்டில் தங்குதல் கூடாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இக்கலையில் நமக்கு ஆசிரியர்கள் நீலகிரித் தோடர்கள். அவர்களுடைய மரபு வீடு, பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தாற்போல் இருக்கும். வாயில் மிகச் சிறியது. தவழ்ந்துதான் நுழைய வேண்டும். பெரிய மண்டபத்தைச் சூடாக்குவது அரிது. சிறிய அறையை மனிதர் மூச்சும் உடலுமே வெதுவெதுப்பாக்கிவிடும். கூடாரமும் அளவிற் சிறியதாக இருப்பதே நன்று.

எங்கள் தெருப் பிள்ளைகள் சிலரோடும் அவர்தம் பெற்றோரோடும் ஒரு தை மாதத்தில் நீலகிரியில் இரண்டு இரவுகள் தங்கினேன். கம்பளிகளை எல்லாம் மேலே போர்த்திக்கொள்ளப் பிள்ளைகள் பரபரத்தனர். நாங்கள் பாதியைக் கீழே விரிக்கச் செய்தோம். கோணி, அதன்மேல் வைக்கோல், அதன்மேல் பாய், அதன்மேல் கம்பளி. “ஐயா, கீழேயிருந்தா குளிர் வருகிறது?” என்று ஒரு சிறுவன் வியந்து கேட்டான். தரையில் கை வைத்துப் பார் என்றேன். வைத்தவன் விரலைச் சட்டென இழுத்துக்கொண்டான். உறங்கும் உடலின் சூட்டைத் தரை இரவு முழுதும் உறிஞ்சும் என்பதை அவனுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது மிக முக்கியமான ஒன்றைக் கூறுகிறேன். இதனை மட்டும் எக்காலத்தும் மறவாதீர்கள். மூடிய கூடாரத்திலோ அறையிலோ கரியடுப்பை மூட்டி வைத்துக்கொண்டு உறங்கக் கூடாது. காற்றுப் போதாமல் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் உயிர்வளியைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இதனைப் பற்றிக்கொள்ளும். உறங்கியவர் உறக்கத்திலேயே உயிர் துறப்பர். மலைவாழ் ஊர்களில் விடுதி அறைகளில் இவ்வாறு மாண்டவர்களின் செய்தியை நாளிதழ்களில் நாம் படித்திருக்கிறோம். தீ வெளியே இருக்கட்டும். அதனருகே கை காய்ந்துவிட்டு, அணைத்தபின் உள்ளே செல்லுங்கள்.

தீயில்லாமல் குழந்தைக்குச் சூடு எங்ஙனம் கிடைக்கும்? தாயின் மார்பே சிறந்த கணப்பு. 1978ஆம் ஆண்டளவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், கருவிகள் போதாத மருத்துவமனையில், எட்கர் ரே என்னும் மருத்துவர் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டிக் காக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று உலகெங்கும் இன்று அதனை மருத்துவர்கள் கைக்கொள்கின்றனர். வெள்ள நாளில் மின்சாரம் இல்லாத கொட்டகையிலும் இது இயலும். தந்தையின் மார்பும் பயன்படும். குழந்தையின் முகம் மட்டும் மூடப்படாமல் இருக்க வேண்டும்.

அடையாளங்களையும் அறிந்திருங்கள். உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்குவது ஆபத்து. கையும் காலும் குளிர்ந்திருப்பது கொண்டு முடிவு செய்யாதீர்கள்; வயிற்றையும் முதுகையும் தொட்டுப் பாருங்கள். ஓடியாடிய குழந்தை ஒடுங்கி அமர்ந்தால், பேச்சுக் குழறினால், பால் குடிக்க மறுத்தால், நடுங்கிக்கொண்டிருந்தது நடுக்கம் நின்று சோர்ந்தால், குளிர் விட்டது என்று மகிழற்க. குளிர் வென்றுகொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். உலர்த்தி, அணைத்து, சூடேற்றியவாறே மருத்துவரிடம் விரைக.

சிறு குழந்தை தனக்குக் குளிர்கிறது என்று சொல்ல அறியாது. சொல்லத் தெரிந்த குழந்தையும் விளையாட்டு மும்முரத்தில் சொல்ல மறந்துவிடும். அதன் பொருட்டு நீங்கள் அறிந்திருக்க வேண்டும். மலையிலாயினும் ஆகுக, நம் எண்ணூர்க் கடற்கரையிலாயினும் ஆகுக, அடுத்த டிசம்பர் வருமுன் உங்கள் வீட்டில் ஒரு தார்ப்பாயும், நனையாத பையில் கட்டிய இரண்டு கம்பளிகளும், ஒரு சிறு குல்லாயும் ஆயத்தமாக இருக்கட்டும்.