தோலில் சிதறும் ஒளி

பாகாயத்திலிருந்து வருகிறேன், இயற்பியல் ஆசிரியர். என் மாணவர்களில் பலர் ஆம்பூர், பேரணாம்பட்டுப் பிள்ளைகள். ஷூ கம்பெனியில் கழித்த ஆட்டுத்தோல் துண்டு ஒன்று கேட்டால் பை நிறையக் கொண்டுவருவார்கள்.

இருட்டறையில் அந்தத் துண்டின்மேல் லேசரைப் பரப்பி அடிப்போம். ஒளி சீராக விழாது, பொடிப்பொடியாக மின்னும். தோலின் மேடுபள்ளமும் உள்ளிருக்கும் நாரும் அலையைக் கண்டபடி சிதறடிக்கின்றன. சிதறியவை கூடுமிடத்தில் ஒன்றையொன்று தூக்கிவிட்டால் வெளிச்சம், அழித்துக்கொண்டால் இருட்டு. அதே ஆட்டின் தோலில் இன்னொரு துண்டை வையுங்கள், புள்ளிக்கோலமே வேறு.

ஆனால் வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமான விகிதம் மாறாது! லென்ஸ் கழற்றிய கேமராவின் முன் போலராய்டு தாள் வைத்துப் படமெடுப்போம். தாள் இல்லாவிட்டால் ஒளியின் இரு அதிர்வுத் திசைகளுக்கும் உரிய இரண்டு கோலங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து இருட்டை மறைத்துவிடும். சராசரி வெளிச்சத்துக்குக் கீழே இருக்கும் இடம் நூற்றுக்கு ஏறக்குறைய 63. சராசரியின் மூன்று மடங்குக்கு மேல் பளிச்சிடுவது 5. மாட்டுத்தோலோ சுண்ணாம்புச் சுவரோ, இதே கணக்குத்தான். தாறுமாறான அலைகள் கூடினால் என்னவாகும் என்று 1880-இலேயே ரேலே பிரபு கணக்கிட்டுவிட்டார்.

1943-இல், லேசர் வருவதற்கு 17 ஆண்டு முன்பே, ஒளி சிதறித் தோன்றும் ஒளிவட்டங்களில் இப்படி வெளிச்சம் ஏறி இறங்குவதை ஆராய்ந்து எழுதியவர் ஜி.என். ராமச்சந்திரன், சர் சி.வி. ராமனின் மாணவர். தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் நேயர்களே, இதைக் கேளுங்கள்: அவரேதான் பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, 1954-இல் கொலாஜனின் வடிவத்தை வெளியிட்டார். தோல் என்பதே கொலாஜன் நார்தானே! அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தந்த கங்காரு வால் நாரில் எக்ஸ்-கதிரைச் சிதறவிட்டுப் பார்த்தார்கள். ஒழுங்காக அடுக்கிய நாரில் சிதறிய அலை அணுவின் இடத்தைச் சொல்கிறது; ஒழுங்கற்றதில் சிதறிய அலை விகிதத்தை மட்டும் சொல்கிறது. இரண்டையும் ஒரே மனிதர் தொட்டார் என்பது எனக்குத் தீராத வியப்பு.

அலை குழம்புவதற்குக் கரடுமுரடுகூட வேண்டாம். பக்கம் நேராகவும் இரு முனையும் அரைவட்டமாகவும் இருக்கும் வழவழப்பான பெட்டிக்குள் அலையை விட்டாலும் அது மோதி மோதிக் குழம்பிவிடும். கேயாஸ் என்று சொல்வது இதைத்தான். நம் ஜவ்வாது மலைக் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கியில் விண்மீனும் இப்படித்தான் பொடியாகும், குழம்புவது காற்றில். கண்ணிமைப்பதற்குள் எடுத்த படங்கள் பலவற்றைக் கூட்டிக் கணக்கிட்டு, ஒட்டித் தெரியும் இரட்டை விண்மீன்களைப் பிரித்திருக்கிறார்கள்.

பிளஸ் டூ பிள்ளைகள் யாராவது ஆசிரியர் துணையோடு இதைச் செய்து பாருங்கள். லேசர் மட்டும் கண்ணில் படக் கூடாது. 63 வந்ததா என்று வானொலி நிலையத்துக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.