இருண்ட நாட்களின் கதை



சரித்திர நாவல் என்று சொன்னவுடனே உங்களில் பலர் மனத்தில் வீராணம் ஏரிக்கரையில் 'பொன்னியின் செல்வன்' நாயகன் வந்தியத்தேவன் குதிரை ஓடியிருக்கும். எங்கள் வீட்டில் அந்த நாவல் புத்தகமாக வரவில்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் 'கல்கி' இதழில் வந்ததைக் கிழித்தெடுத்து, ஓவியர் மணியத்தின் படங்களோடு காடாத் துணி ஒட்டி பைண்டு செய்தது. ஓரம் வெட்டியதில் சில வரிகளுக்குக் கடைசி எழுத்து இராது. அதை நாமே சேர்த்துப் படிப்போம்.

அந்த நாவலின் நடையைக் கவனியுங்கள். கதை சொல்பவர் நம் திண்ணையில் உட்கார்ந்து இன்றைய தமிழில் பேசுகிறார். பாத்திரங்கள் செந்தமிழில் பேசுகிறார்கள். அத்தியாயம் முடிகிற இடத்தில் கதவு தட்டப்படுகிறது, அடுத்த வாரம்வரை தூக்கமில்லை. அது பெரிய சாதனை. ஆனால் சரித்திர நாவல் என்றாலே பொற்காலம், பேரரசர், இளவரசி என்று நம் காது பழகிப்போனதும் அதனால்தான்.

'பொன்னியின் செல்வன்' தொடங்குவதற்கு 55 ஆண்டுகள் முன்னே, 1895-இல், திருகோணமலை த. சரவணமுத்துப் பிள்ளை 'மோகனாங்கி' எழுதினார். தமிழின் முதல் சரித்திர நாவல். அவர் சோழனைத் தேடிப் போகவில்லை. மதுரைச் சொக்கநாத நாயக்கர் தஞ்சையில் பெண் கேட்ட கதையை எடுத்தார். வரலாற்றில் அந்தப் பெண் கேட்பு 1673-இல் தஞ்சை நாயக்கர் ஆட்சியே அழிவதில் முடிந்தது. சரியும் காலத்தை எடுத்துக்கொண்டு தொடங்கியது நம் மரபு! பிரபஞ்சன் அந்தத் தடத்தை 'மானுடம் வெல்லும்' நாவலில் புதுச்சேரியில் மீட்டார். மற்றபடி அந்தப் பாதையில் புல் முளைத்துவிட்டது.

சரியும் காலத்தை எடுத்தவர் வேற்று மொழியிலும் உண்டு. உஸ்பெக் மொழியில் அப்துல்லா காதிரி 1920-களில் 'கடந்த நாட்கள்' எழுதினார். அம்மொழியின் முதல் நாவலே அதுதான். பேரரசர் தைமூரின் பெருமையைப் பாடியிருக்கலாம். அவரோ கான்கள் ஆண்ட கடைசிக் காலத்தை, தம் மக்களின் இருண்ட நாட்கள் என்று சொல்லியே எடுத்தார். தாஷ்கண்ட் வணிகன் ஒருவன், மர்கிலானில் அவன் மணந்த பெண், பெற்றோர் வற்புறுத்திக் கட்டிவைத்த இரண்டாம் மனைவி, கடைசியில் விஷம். அரண்மனைச் சூழ்ச்சியும் உண்டு. ஆனாலும் கதையின் உயிர் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. ஆகவே நடையும் முற்றத்துப் பேச்சாக, நாட்டுக்கதை சொல்லும் வாயோடு வருகிறது. எந்தக் காலத்தை எடுக்கிறோமோ அது தனக்குரிய மொழியைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். காதிரியை 1938-இல் ஸ்டாலின் ஆட்சி சுட்டுக் கொன்றது.

நமக்கும் அப்படி எழுதப்படாத நாட்கள் உண்டு. நம் பெங்களூர்த் தண்டுப் பகுதிக்கு வாருங்கள். 1809-இல் இங்கே பிரிட்டிஷ் படை வந்தது. பின்னாலேயே தமிழர்கள் வந்தார்கள். சமையல்காரர், கொத்தனார், குதிரைக்காரர், துணி வெளுப்பவர். 1898-இல் பிளேக் வந்து தெருத்தெருவாகக் காலி செய்தது. இவர்கள் பேசியது கன்னடமும் உருதுவும் தெலுங்கும் கலந்த தமிழ். அந்தத் தமிழில் ஒரு சரித்திர நாவல் வேண்டும். செந்தமிழ் வசனம் இந்த மக்கள் வாயில் ஒட்டாது.

இங்கே எழுதுகிற இளைஞர்கள் இருக்கிறீர்கள். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு ரிச்சர்ட்ஸ் பூங்கா வாசலில் நிற்பேன். டொம்லூர் சொக்கநாதர் கோயிலுக்குப் போவோம். பெயரைக் கேட்டுச் சிவன் கோயில் என்று நினைக்காதீர்கள், உள்ளே இருப்பவர் பெருமாள். அங்கே கல்லில் தமிழ் எழுத்து இருக்கிறது. விரலால் தடவிப் படிக்கலாம். நோட்டுப் புத்தகம் கொண்டு வாருங்கள்.