முலாம் தொட்டியில் ஒரு சிட்டிகை மருந்து



நம் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பளபளக்கும் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பளபளப்புக்கு அடியில் இருப்பது நிக்கல் முலாம்.

நிக்கல் உப்பைத் தண்ணீரில் கரைப்பார்கள். பொருளை அதில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். நிக்கல் அதன்மேல் படியும்.

எஞ்சின் சிலிண்டர் ஓயாமல் உரசும். வெறும் நிக்கல் தேய்ந்துவிடும். எனவே சிலிக்கான் கார்பைடு தூளையும் தொட்டியில் கலப்பார்கள். இது சாணைக்கல்லில் இருக்கும் கடினமான தூள். நிக்கலோடு சேர்ந்து இதுவும் படியும்.

ஆனால் தண்ணீரில் கொட்டிய மாவுபோல், நுண்ணிய தூள் கட்டி தட்டும். ஹைட்ரஜன் குமிழிகளும் பொருளில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் குழி விழும்.

என்ன செய்வது? எண்ணெய்ப் பாத்திரத்தைச் சோப்பு சுத்தமாக்குகிறது அல்லவா? அதே இனத்தைச் சேர்ந்த மருந்து ஒன்றைத் தொட்டியில் சேர்ப்பார்கள். அதன் பெயர் பரப்புச் செயலி. தூள் கட்டி தட்டாமல் பரவும். குமிழிகள் சீக்கிரம் விலகும். பூச்சு சீராகும், உறுதியாகும்.

குளிக்கும் சோப்பைப் போடலாமா? கூடாது. அது நிக்கல் உப்போடு சேர்ந்து திரிந்துவிடும்.

மருந்தும் அளவோடுதான் வேண்டும். லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவே பெரும்பாலும் போதும். மிஞ்சினால் பூச்சு நொறுங்கும், உரிந்தும் போகும்.

பக்கத்தில், தமிழ்நாட்டின் காரைக்குடியில், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 1953-இல் திறக்கப்பட்ட அந்த நிலையம் முலாம் பூசும் முறைகளை ஆராய்கிறது.

பட்டறையில் வேலை செய்யும் தோழர்களே! நிக்கல் நீர் பட்டால் தோல் அரிக்கும், புண்ணாகும். கையுறை அணியுங்கள். அந்த நீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள்.

மருந்தைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள். புட்டியில் அளவு எழுதியிருக்கிறது. இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். படித்துப் பார்த்து ஊற்றுங்கள்!