தப்பிச் செல்லும் வழி: கட்டடங்களுக்கான தீப்பாதுகாப்பு விதிகள்



கட்டடங்களின் வடிவமைப்புக்கும் நிர்மாணத்துக்கும் உரிய தீப்பாதுகாப்பு விதிகளைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன். தீயே மூளாது என்று இவ்விதிகள் உறுதி கூறுவதில்லை. தீ மூண்டால், உள்ளிருப்போர் வெளியேறத் தேவையான நிமிடங்களையே அவை பெற்றுத் தருகின்றன.

2004 யூலை 16 அன்று கும்பகோணத்தில் பாடசாலையொன்றின் சமையற்கூடத்தில் பற்றிய தீ, ஓலைக்கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அதனையொட்டி எழுந்த வழக்கில், பாதுகாப்பான பாடசாலையில் கற்பதும் கல்வி உரிமையின் அங்கமே என 2009இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 யூன் 14 அன்று இலண்டனில், 24 மாடிகள் கொண்ட கிரென்ஃபெல் கோபுரத்தில், 4ஆம் மாடிச் சமையலறையொன்றில் தோன்றிய தீ, வெளிச்சுவரில் பொருத்தப்பட்டிருந்த எரியக்கூடிய பலகைகள் வழியே பரவியது. 72 பேர் உயிரிழந்தனர். இரண்டு தீயும் சமைக்கும் இடத்தில் தோன்றியவை. இரண்டும் பேரழிவாக மாறியதற்குக் காரணம், அவை பரவக் கட்டடமே வழிவிட்டமைதான்.

இங்கிலாந்தில் 2010ஆம் ஆண்டின் கட்டட ஒழுங்குவிதிகள் இது குறித்து ஐந்து கடமைகளை விதிக்கின்றன: எச்சரிக்கையும் தப்பும் வழியும் இருத்தல், உட்சுவர், உட்கூரைப் பரப்புகள் தீயைப் பரப்பாதிருத்தல், கட்டமைப்பு தீயைத் தாங்கி நிற்றல், வெளிப்புறமாகவும் அயல் கட்டடத்துக்கும் தீ பரவாதிருத்தல், தீயணைப்புப் படையினர் அணுக வசதி இருத்தல்.

நம்மவர் பலருக்கு இவ்விதிகள் நேரடியாகப் பொருந்துவது, லொஃப்ட் எனப்படும் கூரையடியில் அறை அமைக்கும்போதாகும். கீழ்த்தளமும் ஒரு மேல்தளமும் உள்ள வீடு அப்போது மூன்று தள வீடாகின்றது. புதிய தளம் பெரும்பாலும் நிலத்திலிருந்து 4.5 மீற்றருக்கு மேல் அமையும். அவ்வுயரத்திலிருந்து யன்னல் வழியே தப்ப முடியும் என்று விதிகள் கருதுவதில்லை. படிக்கட்டே தப்பும் வழி. ஆகவே, வழமையாக அப்படிக்கட்டு, மேலறையிலிருந்து வெளிவாசல் வரை, 30 நிமிடங்கள் தீயைத் தாங்கும் சுவர்களால் சூழப்பட்டிருக்க வேண்டும். அதனை நோக்கித் திறக்கும் வாழிட அறைகளின் கதவுகள் குறைந்தது 20 நிமிடங்கள் தாங்க வேண்டும். ஒவ்வொரு தளத்திலும், ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்குமாறு இணைக்கப்பட்ட, மின்சாரத்தில் இயங்கும் புகை எச்சரிக்கைக் கருவிகள் வேண்டும்.

விருந்தினர் கூடும் மண்டபம் விசாலமாக இருக்கவேண்டும் என்று படிக்கட்டை ஒட்டிய சுவரை அகற்றுவோர் உளர். அடுப்பிலோ சுவாமி விளக்கிலோ தீப்பற்றினால், அப்புகை தடையின்றி மேலேறி, பிள்ளைகள் உறங்கும் அறையை அடையும். திறந்த அமைப்புக்கும் மாற்று ஏற்பாடுகள் உண்டு. அவை வரைபடத்திலேயே காட்டப்பட்டு, வேலைக்கு முன் ஒப்புதல் பெறவேண்டியவை.

“பிளானிங் தேவையில்லை” என்று ஒப்பந்தகாரர் கூறுவது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் திட்டமிடல் அனுமதி வேறு, கட்டட ஒழுங்குவிதி ஒப்புதல் வேறு. முன்னது தேவைப்படாத கூரையடி அறைக்கும் பின்னது தேவை. அதனை நகரசபையின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவிடமோ, பதிவுபெற்ற தனியார் கட்டடக் கட்டுப்பாட்டாளரிடமோ பெறலாம். விதி மீறிய வேலையைத் திருத்துமாறு உரிமையாளருக்கே அறிவித்தல் வரக்கூடும். அதற்கான காலவரையறை முன்னர் 12 மாதங்கள். 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தால் அது 10 ஆண்டுகளாக நீடிக்கப்பட்டுள்ளது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்: சுவரில் கைவைக்குமுன் ஒப்புதல் பெறுங்கள். சுவர்களும் கூரையும் பலகையிட்டு மூடப்படுமுன் பரிசோதகரை அழையுங்கள். நிறைவுச் சான்றிதழ் கிடைக்கும்வரை இறுதிக் கொடுப்பனவை வழங்காதீர்கள். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் சட்டத்தரணி முதலில் கேட்கும் பத்திரங்களுள் அதுவும் ஒன்று. அறைகளைத் தனித்தனியே வாடகைக்குக் கொடுப்போருக்கு மேலும் கடமைகள் உண்டு. அவற்றையும் முன்கூட்டியே விசாரித்தறியுங்கள்.

படிவங்களின் மொழி கடினமாயின், மொழிபெயர்ப்பு உதவி கேட்கத் தயங்கவேண்டாம். விளங்காத தாளில் ஒப்பமிடுவதைவிட, விளங்கும்வரை கேட்பதே நன்று.