வேரடியில் நடக்கும் வேலை



மாரி தொடங்கினால் கிட்டங்கிப் பாலத்தடியில் ஆற்றுவாழை வந்து அடைத்துக்கொள்வதும், வெள்ளம் வீதிக்கு ஏறுமுன் இயந்திரம் வைத்து அதை அள்ளுவதும் கல்முனை, நாவிதன்வெளி மக்களுக்குப் பழகிப்போன காட்சி. வயலில் இட்ட பசளையும் ஊர்க் கழிவும் தண்ணீரில் சேரச்சேர அந்தச் செடி மதாளிக்கும். அள்ளியதைக் கரையிலேயே குவித்து அழுகவிட்டால், அது உறிஞ்சிய நைதரசன் மழையோடு மறுபடி ஆற்றுக்கே போகும். நீர்த்தாவரங்களைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரிப்பது பற்றிய இந்தக் கருத்தரங்கு முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதைத்தான்: செடி வளர்ந்தால் மட்டும் நைதரசன் தொலையாது.

அதைத் தொலைப்பவை பற்றீரியாக்கள். சிறுநீரிலுள்ள யூரியா அமோனியமாகிறது. ஒட்சிசன் கிடைக்கும் இடத்தில் ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரேற்றாக்குகிறது. ஒட்சிசன் அற்ற சேற்றில் இன்னொரு வகை, காபனை உணவாகக் கொண்டு, நைத்திரேற்றை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. சம்பும் நாணலும் தண்டின் துளைகள் வழியே காற்றை வேருக்கு இறக்குகின்றன. வேரைச் சுற்றி மெல்லிய ஒட்சிசன் படை. சில மில்லிமீற்றர் தள்ளினால் காற்றில்லாச் சேறு. இரண்டு வேலையும் அந்தச் சிறு இடத்துக்குள்ளேயே நடந்துவிடுகின்றன.

ஆனால் வேர் தரும் ஒட்சிசன் சொற்பம். 1950களில் ஜேர்மனியில் கேத்தே சைடல் தொடங்கிய ஆய்வுகளின் வழியில் வந்தவர்கள் இதைப் பட்டறிந்தார்கள். செடி நட்டு, நீர் கிடையாக ஊரவிடும் சரளைப் பாத்தியில் அமோனியத்தின் பெரும்பகுதி மாறாமலே வெளியேறியது. மேலிருந்து விட்டுவிட்டு நீர் பாய்ச்சும் செங்குத்துப் பாத்தியில், நீர் வடிந்ததும் காற்று உள்ளே புகுகிறது. அதனால் அமோனியத்தை நைத்திரேற்றாக்க முதலில் செங்குத்து, அதை வாயுவாக்க அடுத்தது கிடை என்று இரண்டையும் இணைக்கும் முறை வந்தது. வெப்பநாடுகளுக்கு ஏற்ற பாத்திகளைப் பற்றிப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள் இங்கே பெரிதும் உதவும். இந்த மண்ணின் சூடு பற்றீரியாவுக்குச் சாதகம்.

கல்முனைக் கரையில் நைதரசனைத் தொலைப்பது வெறும் ஆய்வுப் பொருளல்ல. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எல்லாம் மணல் ஊர்கள். மதிலோடு மதில் ஒட்டிய வளவுகளில் மலசலகூடக் குழியும் கிணறும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. மணல் கிருமியை ஓரளவு வடிக்கும், நைத்திரேற்றை வடிக்காது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பால்மாவைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் தாய்க்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

செங்குத்துப் பாத்திக்கு ஆளுக்கு 1 முதல் 2 சதுர மீற்றர் நிலம் வேண்டும். வீட்டு வளவுகளில் அதற்கு இடமில்லை. ஆகவே பாடசாலை விடுதி, வைத்தியசாலை, சந்தை, பள்ளிவாசல் வளவு என்று பொது இடங்களிலிருந்தே தொடங்குவது நல்லது. பள்ளிவாசலில் வுழூச் செய்த நீரில் நைதரசன் குறைவு. அதை மலசலகூட நீரோடு கலக்காமல் தனியே மரங்களுக்கு விடலாம்.

பாத்தியில் எந்தச் செடியை நடுவது? இப்பகுதிப் பெண்கள் பாய் இழைக்கும் பன்னை முதலில் சோதிக்கலாம். பருவத்துக்குப் பருவம் அறுத்து அகற்றினால் தண்டோடு கொஞ்சம் நைதரசனும் வெளியேறும். கழிவுநீர்ப் பாத்தியில் விளைந்த பன் பாய்க்கு உதவுமா, கிருமியற்றதாக எப்படி உலர்த்துவது என்று இழைப்பவர்களோடு உட்கார்ந்து பேசியே முடிவெடுக்க வேண்டும். அவர்களுக்கும் இந்த அமர்வுகளில் இருக்கை போடப்படட்டும்.